கண்டது, கணித்தது, கேட்டது

பழைய ஜீப்பு பார்க்கக் கிளம்புவதற்கு முன், விற்பவரிடம் போனில் ஒரே ஒரு வேண்டுகோள் வைப்பேன். நாங்கள் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போய் இறங்கியதும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் வேலையைத் தொடங்கலாம். வெதுவெதுப்பாக இருந்தால், நாங்கள் வருவதற்குள் யாரோ எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். டீசல் எஞ்சினின் கோளாறுகளில் பாதி, ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்துவிட்டுக் காலையில் முதல்முறை சாவி திருப்பும்போதுதான் வெளியே வரும். கம்ப்ரஷன் குறைந்திருந்தால் அப்போதுதான் இழுத்து இழுத்துப் பிடிக்கும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அது செத்திருந்தால் அப்போதுதான் தெரியும். சூடேறிய எஞ்சின் இதையெல்லாம் மறைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக ஓடும்.

போடிநாயக்கனூரில் பட்டறை வைத்திருக்கிறேன். இங்கே ஜீப்பு ஏலக்காயோடு சேர்ந்தது. பொழுது விடியும் முன்பே தோட்ட வேலைக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போய்ச் சாயங்காலம் இறங்குகிற வண்டிகள். தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டிக்குப் பின்சக்கர இழுவை போதும். தோட்டத்துக்குள் மழைக்காலச் சேற்றில் இறங்கி ஏற வேண்டுமென்றாலோ, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற பாறைத் தடத்தில் ஆள் ஏற்ற வேண்டுமென்றாலோ நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். அந்த வண்டியை நாங்கள் 'ஃபோர் வீல்' என்போம். அதற்கு விலை அதிகம். ஏமாற வாய்ப்பும் அதிகம். அதனால் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப்போகிறார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வந்தேன். அங்கே அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரை எடுத்தபோது ஆசிரியர் முதலில் நடத்தியது அளவை என்ற பகுதியை. 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல். வாழ்த்தும் அவையடக்கமும் முடிந்தவுடன், கடவுளைப் பற்றியும் உயிரைப் பற்றியும் விரிவாகப் பேசுவதற்கு முன்பே, ஒரு பொருள் உண்டு என்று நீ எப்படி அறிகிறாய் என்ற கேள்வியை அது எடுத்துக்கொள்கிறது. காண்டல், கருதல், உரை. கண்டு அறிவது, கண்டதைக் கொண்டு காணாததைக் கணிப்பது, அறிந்தவர் சொல்லக் கேட்பது. சிலர் அளவைகள் ஆறு என்பார்கள், சிலர் பத்து என்பார்கள், எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கும் என்கிறார் அருணந்தி சிவம். மணிமேகலையிலும் வஞ்சி மாநகரத்தில் வைதிகவாதி ஒருவர் பத்து அளவைகளை எடுத்துச் சொல்வதாக ஒரு காதை உண்டு. வகுப்பில் மற்றவர்கள் வடமொழிப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்க, நான் ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருக்கிற என்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் நான் செய்துவருகிற வேலைக்கு எழுநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்.

காண்டலுக்கு, அதாவது காட்சிக்கு, அருணந்தி சிவம் வைக்கிற நிபந்தனை கடுமையானது. ஐயம் இருக்கக் கூடாது, திரிபு இருக்கக் கூடாது. கண் திறந்திருந்தால் காட்சி ஆகிவிடாது. விற்பனைக்கு நிற்கிற வண்டியில் இதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வண்டியை மரத்தடி நிழலில் நிறுத்தியிருப்பார்கள். பெயின்ட்டின் நிற வித்தியாசம் நிழலில் தெரியாது. எஞ்சினை வாட்டர் சர்வீஸ் செய்து துடைத்து வைத்திருப்பார்கள். எங்கே ஆயில் கசிகிறது என்று பார்க்க வழியிருக்காது. சேசிஸுக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அடியில் துருவா, வெல்டிங்கா, விரிசலா என்பது கறுப்புக்குள் போய்விடும். ஆகவே முதலில் வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொல்வேன். துணி சுற்றிய சின்னக் காந்தத்தைப் பாடி முழுக்க நகர்த்திப் பார்ப்பேன். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. சேசிஸின் இரண்டு ரயிலையும் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இரும்பு கணீரென்று பேசும், துரு தின்ற இரும்பு மொத்தென்று ஒலிக்கும். காதால் அறிவதும் காண்டல்தான். ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கிற இடத்தைச் சுற்றியும், ஸ்பிரிங் பட்டை தொங்குகிற ஹேங்கர்களுக்குப் பக்கத்திலும் விரிசல் விழும் என்பதால் அங்கே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன். மெயின் பட்டை உடைந்திருக்கிறதா, யூ-போல்ட்டில் புது மரை தெரிகிறதா, முன் ஹப்பில் கிரீஸ் ஒழுகுகிறதா, நான்கு டயரும் ஒரே அளவா? கடைசியில் சொன்னதை வாங்குகிறவர்கள் யாருமே பார்ப்பதில்லை. இந்த மாதிரி ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன் டயரும் பின் டயரும் அளவில் வேறுபட்டால் ஒன்று கூடச் சுற்றப் பார்க்கும், மற்றது விடாது. அந்த முறுக்கம் முழுதும், இரண்டு ஷாஃப்ட்டுக்கும் இழுவையைக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்லில் போய் விழும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பக் கூடாது என்பதும் இதனால்தான். திருப்பத்தில் முன்சக்கரம் போகிற தூரமும் பின்சக்கரம் போகிற தூரமும் ஒன்றில்லை. மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கத்தை விட்டுவிடும், தாரில் விட இடமில்லை.

எங்கள் எலக்ட்ரீஷியன் பாய் ஒருமுறை நபிகள் நாயகத்தைப் பற்றிய ஒரு செய்தியைச் சொன்னார். மதீனாச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் அவர் கையை விட்டாராம். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே போட்டு ஜனங்கள் பார்க்கும்படி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டாராம். எனக்கு அந்தக் கை பிடித்துப்போயிற்று. குவியலின் மேற்பரப்பைப் பார்த்து நல்ல மனிதர் என்று நம்பிவிட்டுப் போகாமல் உள்ளே விட்ட கை. நம்பிக்கை உள்ளவன் சோதிக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அந்தக் கையைப் பற்றி அவர்கள் என்ன சொல்வார்களோ.

கருதல் என்றால் வகுப்பில் எல்லோருக்கும் சொல்கிற உதாரணம் மலையும் புகையும். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் கண்டது போல. மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிற காதையிலும் இதுதான் வருகிறது. நான் பார்க்கிற புகை சைலன்சர் புகை. நீலம் தட்டினால் எஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் கரும்புகை தள்ளினால் டீசல் முழுதும் எரியவில்லை. ஏர் ஃபில்ட்டர் அடைத்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம், பம்பைக் கூட்டி வைத்திருக்கலாம். வெள்ளைப் புகையில்தான் கவனம் வேண்டும். பனிக்காலத்தில் போடிமெட்டில் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தால் நல்ல வண்டியே வெள்ளையாகத்தான் ஊதும். ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் எரிகிற வண்டியும் வெள்ளையாகத்தான் ஊதும். கணிப்புக்குக் காட்டுகிற காரணம்தான் ஏது. இப்படி இரண்டு பக்கமும் போகக்கூடிய ஏதுவை அநைகாந்திகம் என்று ஏதுப்போலிகளில் ஒன்றாக அறவண அடிகள் எடுத்துச் சொல்கிறார். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை நல்ல வண்டிகளை வெள்ளைப் புகையைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்! அந்தப் புகை எஞ்சின் சூடேறியதும் நின்றுவிடுகிறதா, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா, டிப்ஸ்டிக்கில் மோர் மாதிரி வெளுத்த ஆயில் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் அது ஏதுவாகும்.

தவறாமல் சேர்ந்தே இருக்கிற இரண்டு பொருள்களில் ஒன்றைக் கொண்டு மற்றதை அறிவதுதான் கருதல். அவினாபாவம் என்பார்கள், ஒன்றில்லாமல் மற்றது இருக்க முடியாத உறவு. ஆக்ஸில் ஹவுசிங்கின் கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வேறு வழியில் அது வெளுக்காது. வடிக்கிற போல்ட்டில் மாவு போல இரும்புப்பொடி ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். சில்லு சில்லாக வந்தால் உள்ளே பல் உடைகிறது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து வாயின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு எஞ்சினை ஐடிலில் விட்டால், மூடி குதித்தால் பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. எஞ்சினைப் பிரிக்காமல் அதன் வயிற்றுக்குள் இருப்பதை அறிகிறோம். காணாத ஒன்றைச் சொல்ல மனிதனுக்கு உரிமை உண்டு என்பதை எனக்கு எந்தத் தத்துவ நூலும் கற்றுத் தரவேண்டியிருக்கவில்லை, அந்த மூடியே கற்றுத் தந்தது.

சாந்தன்பாறைப் பக்கம் ஒரு பெரியவர் தோட்டத்தில் நின்ற ஜீப்பைச் சொன்னால் மற்றது விளங்கும். சூரியநெல்லியில் கொழுக்குமலை டிரிப் அடிக்க விரும்பிய ஒரு தம்பிக்காகப் போனேன். பெரியவர் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, தானாகவே எஞ்சின் ஒருமுறை ரீபோர் ஆனதைச் சொன்னார், ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். பானெட் சில்லென்று இருந்தது. "ஃபோர் வீல் எப்படிங்கய்யா?" என்று கேட்டேன். "அதுல ஒரு குறையும் கிடையாது. நம்ம தோட்டத்துல அது இல்லாம எப்படி?" என்றார். லிவரைத் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஹை, லோ இரண்டும் விழுந்தன. சந்தோஷமாகச் சாக்கை விரித்து அடியில் படுத்தேன்.

முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பக்கம் வெறும் ஃபிளாஞ்சு, முன் ஹவுசிங்கில் வெறும் ஃபிளாஞ்சு, நடுவில் காற்று. இரண்டிலும் காய்ந்த மண்.

இல்லாததை அறிவதும் ஓர் அளவையா என்று பழைய காலத்தில் பெரிய வாதம் நடந்திருக்கிறது. அபாவம் என்று அதைத் தனியாகவே எண்ணினார்கள் சிலர், சித்தியார் அதையும் மூன்றுக்குள் அடக்கிவிடும். அடியில் படுத்துக்கொண்டு எனக்கு அந்த வாதத்தின் ஆழம் புரிந்தது. இல்லாத ஷாஃப்ட் கண்ணில் படாது. அங்கே ஒன்று இருக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது இல்லை என்பது தெரியும். என்னோடு குனிந்து பார்த்த தம்பி, "அடியில எல்லாம் க்ளீனா இருக்குண்ணே" என்றான். அவன் கண்ணும் என் கண்ணும் ஒரே இடத்தைத்தான் பார்த்தன. கசிவு இல்லை என்று மகிழ்கிறவர்களுக்கும் இது பொருந்தும். இத்தனை பழைய டீசல் எஞ்சினில் ஓர் ஆயில் பிசுக்குக்கூட இல்லையென்றால், நேற்று யாரோ கழுவியிருக்கிறார்கள்.

பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளிறிவிட்டது. "நான் பொய் சொல்லலைங்க" என்றார். சொல்லவில்லைதான். அவர் தோட்டத்துக்குள் ஜீப்பை ஓட்டி வருஷங்கள் ஆகின்றன. டிரைவர் ஓட்டினார், மகன் வெளியூர், கணக்குப் பார்ப்பது மட்டும் இவர். தனக்குத் தெரிந்ததாக நினைத்ததைச் சொன்னார். அவர் கண்ணைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள், நம்பியிருந்தால் அந்தத் தம்பி கொழுக்குமலைப் பாதியில் ஆட்களோடு நின்றிருப்பான்.

இங்கேதான் மூன்றாவது அளவை எவ்வளவு நுட்பமானது என்று தெரிகிறது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், யாருடைய சொல்லை அறிவுக்கு வாயிலாகக் கொள்ளலாம் என்று கேட்டு விடை சொல்கிறார். பொருளை நேரே அறிந்தவராக இருக்க வேண்டும், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் இருக்க வேண்டும். அவர்தான் ஆப்தர். நாம் வழக்கமாக இரண்டாவதை மட்டும் பார்க்கிறோம். ஆள் நேர்மையானவரா, முகத்தில் கள்ளம் தெரிகிறதா, பவ்வியமாகப் பேசுகிறாரா? இவர் எப்படி அறிந்தார் என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அறியாத நல்லவரின் சொல்லும் வண்டியைப் பள்ளத்தில் இறக்கும். வாத்ஸ்யாயனர் ஆப்தர்களைச் சொல்லும்போது இந்த இலக்கணம் ரிஷிக்கும், ஆரியருக்கும், மிலேச்சருக்கும் ஒன்றேதான் என்கிறார். ஆசனத்தைப் பொறுத்ததல்ல ஆப்தத் தன்மை. இந்த இடத்தை எந்த மேடையிலும் யாரும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

அந்தத் தோட்டத்தின் ஆப்தர் பழைய டிரைவர். வேலையை விட்டுப் பக்கத்து ஊரில் மகளோடு இருந்தார். பெரியவரே ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார். வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கிற கிராஸ் உடைந்து அது அடித்துக்கொண்டதால் கழற்றினதாகவும், புது கிராஸ் வாங்கச் சொல்லியும் யாரும் வாங்காததால் அப்படியே விட்டதாகவும், ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றி ஏலக்காய் ஸ்டோர் பரணில் வைத்ததாகவும் சொன்னார். பரணில் இருந்தது. பிறகு நாங்கள் கேட்காமலே ஒன்று சொன்னார். 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கி முழுக்க மலை சரிந்தபோது ஆட்களைக் கொண்டுவிடப் போய் ஓடைத் தண்ணீரில் வண்டி ஹப் முழுகி நின்றதாம். அடுத்த நாளே முன் ஹவுசிங், பின் ஹவுசிங் இரண்டிலும் ஆயிலை வடித்துத் தானே மாற்றினாராம்.

இந்தச் சொல்லை என்ன செய்வது? ஓடாமல் கிடந்த முன் ஹவுசிங்கைப் பற்றிக் கணிப்பு இரண்டு பக்கமும் போகும். ஓடாததால் பல் தேயாமல் புதிதாக இருக்கும் என்றும் சொல்லலாம், சும்மா கிடந்ததால் சீல் காய்ந்து பேரிங் துருப்பிடித்திருக்கும் என்றும் சொல்லலாம். ஆயில் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டேன். ஆயில் மட்டத்துக்கு இருந்தது, தேன் நிறம், வெளுப்பு இல்லை. டிரைவரின் சொல்லும் என் விரலும் பொருந்தின. ஷாஃப்ட்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்து புது கிராஸ் போட்டு மாட்டி, ஈரச் சரிவில் லோவில் ஏற்றிப் பார்த்தோம். முன்சக்கரம் இழுத்தது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பற்கள் எப்படி இருக்கின்றன? அதைப் பிரிக்காமல் யாரும் பார்க்க முடியாது, விற்கப்போகிற வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸை யாரும் பிரிக்கவிட மாட்டார்கள். சத்தம் இல்லை, ஆயிலில் சில்லு இல்லை, லோவில் ஏற்றத்தில் கியர் கழன்று வரவில்லை. அவ்வளவுதான் கணிக்க முடியும். அதற்கு அப்பால் டிரைவரின் வார்த்தை.

"வாங்கலாமாண்ணே?" என்று கேட்டான் தம்பி.

நான் இந்த வேலையில் மிகவும் மெனக்கெடுவது இந்தப் பதிலுக்குத்தான். இதுவரை நான் பிறர் சொல்லைச் சோதித்தேன். இப்போது என் சொல்லே அவனுக்கு உரை. அவனுடைய அம்மாவின் நகை அடகுக்குப் போய் வந்த பணம் என் வாயிலிருந்து வருகிற நாலு வார்த்தையை நம்பிக் கை மாறப்போகிறது. அதனால் மூன்றையும் கலக்காமல் சொல்வேன். இதெல்லாம் நான் கண்டது: சேசிஸில் விரிசல் இல்லை, சேசிஸ் நம்பர் ஆர்.சி.யில் உள்ளதுதான், பின்பக்க இடது பட்டை ஒன்று உடைந்திருக்கிறது. இதெல்லாம் நான் கணித்தது: ரிங் நல்லாயிருக்கும், கிளட்ச் கொஞ்ச நாளில் கேட்கும். இதெல்லாம் கேட்டது: ரீபோர் ஆனது முதலாளி சொன்னது, தண்ணீரில் நின்றதும் ஆயில் மாற்றியதும் டிரைவர் சொன்னது. தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணே, நல்ல வண்டியா இல்லையா?" நானாக இருந்தால் வாங்குவேன் என்றேன். ஆனால் அது என் முடிவு, மேலே சொன்ன மூன்றிலும் சேராதது, அதை நான் பார்த்ததாக நினைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னேன்.

பொய் என்று நாம் எதைச் சொல்கிறோம்? இல்லாததை இருக்கிறது என்பதை. அந்த வகைப் பொய் சந்தையில் உண்மையிலேயே குறைவு. புரோக்கர்கள்கூட அதற்கு அஞ்சுவார்கள். நிறையப் புழங்குவது வேறொன்று. கேட்டதைக் கண்டதாகச் சொல்வது, கணித்ததைக் கேட்டதாகச் சொல்வது. "எஞ்சின் புதுசா வேலை பார்த்தது சார்" என்று அடித்துச் சொல்கிற புரோக்கரிடம், நீங்க பக்கத்துல இருந்தீங்களா என்று கேட்டால், ஓனர் சொன்னார் என்பார். ஓனரைக் கேட்டால் முன்பு வைத்திருந்தவர் சொன்னார் என்பார். வார்த்தை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த வாயிலில் வந்ததோ அந்த வாயிலை மறைத்துவிட்டார்கள். அதன் மேல் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று கேட்கிறவனால் முடிவு செய்ய முடியாமல் போகிறது.

என் மனசு இதில் கிடந்து அடித்துக்கொள்வது ஜீப்பினால் மட்டும் இல்லை. கடவுளைப் பற்றிப் பேசுகிற இடங்களில் இந்தக் கலப்பு எங்கும் இருக்கிறது. மெய்கண்டார் சிவஞான போதத்தின் முதல் சூத்திரத்திலேயே கணிப்பில்தான் தொடங்குகிறார். அவன், அவள், அது என்று சுட்டப்படுகிற உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே இதைச் செய்கிறவன் ஒருவன் உண்டு. புகையைக் கண்டு நெருப்பை அறிகிற அதே வழி. அந்தக் கணிப்பு எனக்கு வலுவாகத் தெரிகிறது. இல்லை என்பவரோடு உட்கார்ந்து பேசவும் அது இடம் தருகிறது. ஆனால் செய்கிறவன் ஒருவன் உண்டு என்பதோடு அது நின்றுவிடும். அவனுக்கு என் மேல் அன்பு உண்டு என்பது எந்தக் கணிப்பிலும் வருவதில்லை. அது எனக்குச் சொல்லக் கேட்டுத்தான் தெரியும். யார் சொன்னது? அப்பர் சொன்னார். அவர் அறிந்தவரா? சூலை நோயில் துடித்துத் திருவதிகையில் போய் விழுந்தவர். சொல்லும் விருப்பம் உண்டா? ஊர் ஊராக நடந்து பாடினார். சொல்வதில் லாபம் உண்டா? நீற்றறையில் அடைத்தார்கள், கல்லைக் கட்டிக் கடலில் போட்டார்கள் என்கிறது பெரிய புராணம். அதுவும் சேக்கிழார் சொல்லி நான் கேட்டது. அந்தச் சொல்லின் மேல் என் வாழ்க்கையின் எடையை வைத்திருக்கிறேன். வைத்தபின் இறங்கவில்லை.

ஆனால் நான் கண்டேன் என்று சொல்ல மாட்டேன். வகுப்பில் ஒரு நண்பர் இதற்கு என் மேல் கோபப்பட்டார். பக்குவம் இல்லாதவன் பேசுகிற பேச்சு, சிவனைச் சோதித்துப் பார்க்க நீ யார் என்றார். சோதிப்பது சிவனையா, சிவனைப் பற்றி என் வாய் சொல்வதையா? அளவையை நூலின் முகப்பில் வைத்த அருணந்தி சிவத்துக்குப் பக்குவம் போதாது என்று அவர் சொல்வாரா? மேடை ஏறி, சாமி என் கனவில் வந்து இதைச் சொன்னார், நான் பார்த்தேன், அவர் இப்படித்தான் நினைக்கிறார் என்று சொல்கிறவர்களை நம்பி, பின்னால் ஒருநாள் குனிந்து பார்த்து ஷாஃப்ட் இல்லையென்று கண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அந்தப் பேச்சாளரை மட்டும் விட்டு விலகவில்லை. அப்பரையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிட்டார்கள். கேட்டதைக் கேட்டதாகவே சொல்லியிருந்தால், அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டாவது இருந்திருப்பார்கள்.

மறுபக்கத்தில், கண்டதை மட்டும் நம்புவேன் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டறையில் என்னிடம் வேலை கற்கிற பையன் ஒருவன் அப்படிப் பேசுவான். ஹெட் போல்ட்டை எந்த அளவுக்கு டைட் செய்வது என்று புத்தகத்தில் ஓர் எண் போட்டிருக்கிறது, அதை நீயோ நானோ சோதித்தோமா என்று கேட்டேன். அந்த எண்ணைச் சொன்னவர்கள் அறிந்தவர்கள் என்று நம்பித்தான் டார்க் ரெஞ்சைப் பிடிக்கிறோம். உரை இல்லாமல் ஓர் எஞ்சினைக்கூடக் கட்ட முடியாது. காட்சியும் கணிப்பும் எட்டாத பொருளைக் காட்டுவதுதான் உரையின் வேலை என்று சித்தியார் அதற்குத் தனி இடம் கொடுத்திருப்பது, அந்தப் பையனுக்கும் என் நண்பருக்கும் சேர்த்தே தரும் பதில் என்று நினைக்கிறேன்.

ஜீப்பைத் தம்பி வாங்கிவிட்டான். பட்டைக்கும் கிளட்ச்சுக்கும் கிராஸுக்குமாகப் பெரியவர் விலையில் தள்ளிக் கொடுத்தார். சீசனில் கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றுகிறான். கொஞ்ச நாள் கழித்து அவன் மாமா ஒருவர் வேறு வண்டி பார்க்க என்னைக் கூப்பிட வந்தார். "எங்க பையன் வண்டிக்கு நீங்க கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் பிரிச்சுப் பார்த்து ஓகே சொன்னீங்களாமே, அதே மாதிரி இதையும் பாருங்க" என்றார். பிரிக்கவே இல்லையே என்றேன். அவர் சிரித்துவிட்டு, பையன் அப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்கிறான் என்றார். தம்பிக்குப் போன் போட்டேன். "நீங்க சொன்னதைத்தான்ணே சொன்னேன்" என்றான், மனசார நம்பிச் சொல்கிற குரல். டிரான்ஸ்ஃபர் கேஸை நான் பிரிக்கவில்லை, சத்தம் இல்லாததைக் கேட்டேன், ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன், மற்றது டிரைவர் சொன்னது என்று அவனுக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். போனை மாமாவிடம் கொடுத்து, அதை அவன் வாயாலேயே அவருக்கு ஒருமுறை சொல்ல வைத்தேன்.